வால்நட்சத்திரனின் மார்பளவு

விளக்கு வைத்துச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. மொட்டைமாடியிலிருந்து 'தொப்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி. சரசரவென்று துணி இழுபடும் ஓசை. மறுபடியும் 'தொப்'. கூடவே யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதுபோல ஒன்று.

கீழே தையல் மெஷின் நின்றது. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். தெருநாய்கூட ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று திரும்பிப் படுத்துக்கொண்டது. அது என்ன சத்தம் என்று தெரிந்த ஆள் அந்தத் தெருவிலேயே ஒருவர்தான். அதை உண்டாக்கிக்கொண்டிருந்தவரும் அவரேதான்.

மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மனைவி படியேறி வந்து பார்த்தபோது, ஓவியர் தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் கூடத்து ஜன்னல் திரை. கீழே, குடும்பம் மொத்தமும் படுக்கிற மெத்தை.

"என்னங்க பண்றீங்க?"

"பறக்கிறேன்."

"விழுற சத்தம்தானே கேட்டுது."

"பறக்கிறதுல கடைசிப் பகுதி அது. முன்பகுதிக்குச் சத்தம் கிடையாது."

இப்படிப் பேசுகிறவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். சிறுவர் வாரப் பத்திரிகை ஒன்றின் கடைசி இரண்டு பக்கங்கள் அவருடைய ராஜ்ஜியம். அங்கேதான் வால்நட்சத்திரன் வாழ்ந்தான். செம்பழுப்பு உடை, நீலப் போர்வை, பீரோ அகல மார்பு. வாரம் ஒரு முறை உலகத்தைக் காப்பாற்றுவான். பேசமாட்டான், பறப்பான். அவன் முகத்தை ஓவியர் தன் முகத்தைப் பார்த்துத்தான் வரைந்தார். மார்பை மட்டும் எதைப் பார்த்து வரைந்தார் என்று தெரியவில்லை.

அப்படிப்பட்ட வீரன் காகிதத்திலேயே கிடக்கலாமா? அவனைத் திரைக்குக் கொண்டுவந்தே தீருவது என்று ஓவியர் முடிவு கட்டியிருந்தார். படம் எடுக்கும் ஆசையுள்ள ஒரு தியேட்டர் முதலாளியையும் பிடித்துவிட்டார். தியேட்டர்காரர் கேட்டது ஒன்றே ஒன்று. "பறக்கிறதை முதல்ல காட்டுங்க. மத்ததை அப்புறம் பேசுவோம்."

அங்கேதான் சனி பிடித்தது. முதலில் ஒரு பொம்மையை நூலில் கட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுத்தார்கள். பொம்மை போகிற வழியில் திரும்பிக்கொண்டு முதுகைக் காட்டியது. "துணி காயப்போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார் தியேட்டர்காரர். அடுத்து, பறக்கிற இடத்தை மட்டும் சித்திரமாக வரைந்து ஒட்டினார்கள். ஆளாக ஓடிவந்தவன் திடீரென்று படமாகிப் பறந்து, இறங்கியதும் மறுபடி ஆளானான். "இவங்க அண்ணன் தம்பியா?" என்றார் அவர். மூன்றாவதாக, ஓவியரே இடுப்பில் கயிறு கட்டிக் கப்பியில் தொங்கினார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசக்கூடாது என்று உத்தரவு.

"இனிமே நூலும் கிடையாது, கயிறும் கிடையாது," என்றார் ஓவியர், தொட்டி மேல் நின்றபடியே. "நம்ம மாடியிலேருந்து கண்டக்டர் வீட்டு மாடிக்கு ஒரே தாவல். நடுவில சந்து. உன் தம்பி கேமராவோட சந்துல மல்லாந்து படுத்துக்குவான். மேலே வானம். வானத்துல நான். வர்ற ஞாயித்துக்கிழமை தியேட்டர்காரரும் வர்றார்."

மனைவி கைப்பிடிச் சுவர் ஓரம் போய்ச் சந்துக்குள் எட்டிப் பார்த்தாள். இரண்டு மாடி ஆழம். கீழே கண்டக்டரின் சைக்கிள் குழந்தையின் விளையாட்டுச் சாமான்போலத் தெரிந்தது. இடுப்பிலிருந்த குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

ஓவியர் தயாரானார். அவள் 'வேண்டாம்' என்பாள். அதற்கான பதில் அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. கலைஞன் என்பவன் யார், துணிச்சல் என்பது என்ன, பெண்டாட்டி பேச்சைக் கேட்டவன் எவன் உருப்பட்டான், எல்லாவற்றையும் குளிக்கும்போதே ஒத்திகை பார்த்திருந்தார்.

"சரிங்க," என்றாள் மனைவி.

ஓவியர் தொட்டியின் மேலேயே கொஞ்சம் தடுமாறினார்.

அவள் கான்வென்டில் படித்தவள். அங்கே இருந்த பெரிய சிஸ்டர் ஒரு பிள்ளையிடமும் 'கூடாது' என்று சொன்னதே இல்லையாம். 'ஆகட்டும், அதுக்கு முன்னாடி இதை முடிச்சுடு' என்பாராம். முடிப்பதற்குள் பிள்ளைக்கு ஆசை தீர்ந்துவிடும். கல்யாணமான புதிதில் இதை அவளே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். ஓவியரும் சிரித்தார். பாவம், பிள்ளைகள் ஏமாந்துபோயின என்று நினைத்தார்.

"எதைப் போட்டுக்கிட்டுக் குதிக்கப் போறீங்க?"

"இதோ, இதை."

"அது ஜன்னல் திரைங்க. ஊரே பார்க்கப் போற ஆளு நீங்க. தையல்காரி புருஷன் திரையைக் கட்டிக்கிட்டுப் பறந்தா என்னைத்தான் சிரிப்பாங்க. முதல்ல உடுப்பு தைக்கிறேன். அப்புறம் தாராளமாக் குதிங்க."

நியாயமான பேச்சு. நாலு பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைக்கிறவள். அவள் கை பட்டால் கோணி கூட சட்டையாகிவிடும். ஓவியர் பெருந்தன்மையோடு தொட்டியைவிட்டு இறங்கினார். மெத்தையில் குதிக்காமல், ஏணி வழியாக.

அளவெடுக்கும்போது அவர் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"மூச்சை விடுங்க."

"விடமாட்டேன். இதுதான் என் அளவு."

"படம் முழுக்க மூச்சுவிடாம இருப்பீங்களா?"

விட்டார். நாடா தளர்ந்து தொங்கியது. அவள் பத்திரிகையை எடுத்து, வால்நட்சத்திரனின் மார்பையும் கணவரின் மார்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள்.

"என்ன?" என்றார் ஓவியர், கொஞ்சம் காரமாக.

"ஒண்ணுமில்லைங்க. முகம் அச்சு அசல் அப்படியே இருக்கு. மார்புக்கு மட்டும் லேசாப் பஞ்சு வைக்கணும்."

"லேசா வை. நமக்குக் கொஞ்சம் இருந்தாப் போதும்."

லேசாகத்தான் வைத்தாள். முதல் நாள் போட்டுப் பார்த்தபோது ஓவியர் கண்ணாடி முன்னால் நின்று இடமும் வலமும் திரும்பினார். கண்ணாடியில் நின்றது ஒரு பயில்வான். "தோள்ல இன்னும் கொஞ்சம் வைக்கலாமோ?" என்றார். வைத்தாள். "தோள் இவ்வளவு இருந்தா மார்பு சின்னதாத் தெரியுதே?" வைத்தாள். "இப்பக் கை ரெண்டும் குச்சி மாதிரி இல்லை?" அதற்கும் வைத்தாள். வீட்டுத் தலையணைகள் ஒவ்வொன்றாக மெலிந்தன. பஞ்சு சரியாமல் இருக்க, உள்ளே முரட்டு கேன்வாஸ் கொடுத்துக் குறுக்கும் நெடுக்குமாக அடித்துத் தைத்தாள். தட்டினால் கதவைத் தட்டுவதுபோலக் கேட்டது.

"அதிகமாப் போயிடலையே?" என்று ஒரு நாள் அவளே கேட்டாள்.

"கை வைக்காதே. இப்பத்தான் நான் நானா இருக்கேன்."

ஜன்னல் வழியே பார்த்த கண்டக்டர் சொன்னார். "ஆர்ட்டிஸ்ட் சார், நீங்க பஸ்ல ஏறினா ஒரு ஆளுக்கு ரெண்டு டிக்கெட் கிழிச்சிருப்பேன்."

"ஞாயித்துக்கிழமை உங்க மாடியில வந்து இறங்குறேன். அப்பக் கிழிங்க."

"வாங்க வாங்க. இறங்குற இடத்துல விசில் அடிச்சுடறேன்."

ஞாயிறு வந்தது. மச்சினன் கேமராவோடு வந்துவிட்டான். அவன் கல்யாண போட்டோகிராபர். எதை எடுத்தாலும் "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிப் பழகியவன். தியேட்டர்காரர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது உள்ளறைத் திரை விலகியது. வால்நட்சத்திரன் பக்கவாட்டில் வெளியே வந்தான். முதுகில் கொக்கி வைத்தால் கேமராவில் தெரியும் என்று, மனைவி அன்று காலை உடுப்பை அவர்மேலேயே வைத்துத் தைத்து மூடியிருந்தாள்.

தியேட்டர்காரரின் டீ வழியிலேயே நின்றது. "அடேயப்பா," என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக ஓவியர் எத்தனை வருஷம் காத்திருந்தார். மார்பை இன்னும் நிமிர்த்த முடியுமா என்று பார்த்தார். இடமில்லை. கம்பீரமாகத் தலையை அசைத்துவிட்டு மாடிப்படி ஏறினார். பின்னாலேயே மனைவி, போர்வை நுனியைத் தூக்கிப் பிடித்தபடி.

மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு கதவு. ஒல்லியான ஒரு வீட்டுக்கு ஒல்லியான ஒரு கதவு. ஓவியர் நேராகப் போனார். தோள் இரண்டும் நிலையில் இடித்தன. ஒருக்களித்துப் போனார். மார்பு இடித்தது. திரும்பி நின்று முதுகு முன்னால் போகப் பார்த்தார். அதுவும் இடித்தது, எது என்று அவருக்கே தெரியவில்லை.

"ஏம்மா, கதவு சின்னதாயிடுச்சா?"

"கதவு அப்படியேதாங்க இருக்கு. நீங்கதான் வளர்ந்துட்டீங்க."

அந்த நிலைமையிலும் அது கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"பஞ்சைக் கொஞ்சம் எடுத்துடவா?" என்றாள் அவள், கத்தரிக்கோலைக் காட்டி. "தோள்ல பாதி, மார்புல பாதி..."

"தொடாதே. கீழே அந்த மனுஷன் முழுசாப் பார்த்துட்டார். பாதியாப் போய் எப்படி நிக்கிறது?"

"அப்ப முதுகைப் பிரிச்சுடறேன். மாடிக்குப் போய் மறுபடி போட்டுத் தைக்கலாம். சாயங்காலம் ஆயிடும், அவ்வளவுதான்."

"வெளிச்சம் போயிடுமே. வெளிப்பக்கமா ஏணி வச்சு ஏறினா?"

"ஏணி கூடத்துல இருக்குங்க."

"கூடத்துல எதுக்கு ஏணி?"

அவள் போர்வை நுனியை மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அன்னிக்கு நீங்க ஒண்ணு சொன்னீங்களே, அதுதான் எனக்கு இப்ப ஞாபகம் வருது."

"என்ன சொன்னேன்?"

"வால்நட்சத்திரனைக் கீழே இருந்து பார்க்கக் கூடாது, மேலே இருந்து பார்த்தாத்தான் அழகுன்னு."

ஓவியர் அப்படிச் சொன்னதாக அவருக்கு ஞாபகமில்லை. ஆனால் அவர் சொல்லக்கூடிய மாதிரிதான் இருந்தது. "ஆமா," என்றார். "சொன்னேன்."

"அந்தப் பொம்மைக்காக நீங்க வரைஞ்ச நகரம் இருக்கே, பெரிய துணியில? அதைக் கூடத்துத் தரையில விரிச்சா, ஏணி உச்சியிலேருந்து தம்பி குனிஞ்சு எடுத்தா..."

"நிறுத்து. மீதி எனக்குத் தெரியும்," என்றார் ஓவியர். கண்கள் பளபளத்தன. "நான் அந்த நகரத்து மேலே குப்புறப் படுத்துக்குவேன். எப்படி என் யோசனை?"

"உங்களுக்குத்தாங்க இதெல்லாம் தோணும்."

படமெடுப்பதைப் பார்த்தால் படத்தில் சுவாரசியம் போய்விடும் என்று மனைவி பணிவாகச் சொல்ல, தியேட்டர்காரர் பெருமையோடு கிளம்பிப் போனார். கூடத்துக் கதவு சாத்தப்பட்டது. தரையில் மாடமாளிகைகளும் தெருவிளக்குகளுமாக நகரம் விரிந்தது. குழந்தையின் சக்கரப் பலகை வண்டி ஓவியரின் வயிற்றுக்கடியில் போனது. அந்த மார்புக்குக் கீழே ஒரு வண்டி இல்லை, ஒரு லாரியே இருந்தாலும் மேலிருந்து தெரியாது. மேஜை விசிறி போர்வையைப் படபடக்க வைத்தது. வண்டியில் கட்டிய கயிற்றின் நுனியை மனைவி மூலையில் நின்று இழுத்தாள். ஏணி உச்சியிலிருந்து மச்சினன் சொன்னான். "மாமா, தலையைத் தூக்கி என்னைப் பாருங்க. கொஞ்சம் சிரிங்க."

"உலகம் அழியப் போகுதுடா. சிரிப்பேனா?"

"முறைச்சுக்கிட்டே சிரிங்க."

வண்டி கிரீச்சிட்டது. பேசாத படம் என்பதால் பாதகமில்லை.

மதியம் வரை தன் மாடியில் வெயிலில் மெத்தை விரித்துக் காத்திருந்த கண்டக்டர், சாயங்காலம் வந்து கேட்டார். "என்ன சார், தாவலையா?"

"தாவியாச்சே," என்றார் ஓவியர்.

"நான் கண்ணைக்கூட மூடலையே."

"வேகம் அப்படி."

பிலிம் கழுவி வந்த அன்று, காலைக் காட்சிக்கு முன்னால் தியேட்டரில் போட்டுப் பார்த்தார்கள். காலி நாற்காலிகளுக்கு நடுவே குடும்பம் ஒரு வரிசையில் உட்கார்ந்தது. விளக்கு அணைந்தது. திரையில் ஒரு நகரம் விரிந்தது. அதன்மேல், நூல் இல்லாமல், கயிறு இல்லாமல், கோபுரங்களைத் தாண்டி, போர்வை அலைபாய, அவர் போனார். வானமே அவருடையதுபோலப் போனார். நெற்றியில் மயிர் பறந்தது. முறைத்துக்கொண்டே சிரித்தார். ஓவியர் நாற்காலி நுனிக்கு வந்தார். பக்கத்தில் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் பெருமைதான், அதில் சந்தேகமில்லை. கண்ணெதிரில் பறக்கிற மனுஷன் முழுசாகப் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறாரே.

"பறக்கிறான்யா," என்றார் தியேட்டர்காரர். "இன்னொரு தடவை போடு."

மூன்று தடவை போட்டார்கள். பிறகு அவர் ஓவியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப நல்லா வந்திருக்கு. இப்ப ஒரு ராஜா கதை கையில இருக்கு. அது முடியட்டும். அப்புறம் கட்டாயம் பார்க்கலாம்." சுருளைத் தகர டப்பாவில் போட்டு அலமாரியைத் திறந்தார். உள்ளே அதே மாதிரி டப்பாக்கள் நிறைய இருந்தன. ஒன்றின்மேல் 'மின்சார மங்கை' என்று எழுதியிருந்தது. இன்னொன்றின்மேல் 'கண்ணுக்குத் தெரியாத மணிக்கூ' என்று எழுதி, இடம் போதாமல் பாதியில் நின்றிருந்தது. எல்லாரும் எப்போதோ ஒரு நாள் பறந்து காட்டியவர்கள். வால்நட்சத்திரன் அவர்களோடு போய் உட்கார்ந்தான்.

வேறு யாராக இருந்தாலும் துவண்டிருப்பார்கள். ஓவியர் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நடையிலேயே கொஞ்சம் பறந்தார்.

"அந்த மனுஷன் ஏன் இழுக்கிறார்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு," என்றார் இரவுச் சாப்பாட்டின்போது. "படுத்துக்கிட்டுப் பறந்ததுக்கே மூணு தடவை போட்டுப் பார்த்தார். நின்னு பறந்தா? வர்ற ஞாயிறு நிஜமாவே தாவிடறேன். நம்ம மாடி, கண்டக்டர் மாடி. இந்தத் தடவை பஞ்சு வேண்டாம். பனியன் போதும். முகம்தான் ஊருக்குத் தெரிஞ்சுபோச்சே."

மனைவி சட்டைக்குப் பொத்தான் தைக்க ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் காதுக்குள் போகவில்லை. மறுபடி கோத்தாள். மறுபடியும் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டே ஊசியில் நூல் கோக்கிறவள் அவள்.

"சரிங்க," என்றாள்.

இரண்டு நாள் கழித்துக் கண்டக்டர் தன் பழைய சிநேகிதர்கள் நாலு பேரோடு வந்தார். தாவல் கதையை ஓவியர் வாயாலேயே கேட்க வேண்டுமாம். ஓவியரும் கூடத்தில் நின்று, கைப்பிடிச் சுவரில் கால் வைத்தது முதல் காற்று காதில் ஊதியது வரை சொல்லிக்கொண்டிருந்தார். கதையில் அவர் சந்துக்கு நடுவில், பாதி வானத்தில் இருந்தபோது, ஓவியரின் மகள் கூடத்தைக் கடந்து போனாள். நாலு வயசு. கழுத்தில் குளிக்கிற துண்டு முடிந்திருந்தது.

"பாப்பா, எங்கே கிளம்பிட்டே?" என்றார் கண்டக்டர்.

"பறக்கப் போறேன். உங்க வீட்டு மாடிக்கு. அப்பா மாதிரி."

சொல்லிவிட்டுக் குடுகுடுவென்று மாடிப்படி ஏறினாள்.

ஓவியர் பாதி வானத்திலிருந்து கீழே விழுந்தார். அவர் வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. மாடிப்படியின் மேல்பகுதியில் மனைவி உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்கக்கூட நேரமில்லை. அவளைத் தாண்டி ஒரே எட்டில், உண்மையிலேயே ஒரு தாவலில், மாடிக் கதவருகே போய் மகளை வாரி எடுத்தார். நெஞ்சு படபடவென்று அடித்தது. பஞ்சு இல்லாததால் வெளியிலேயே தெரிந்தது.

"பறக்கக் கூடாதுடா கண்ணு. விழுந்துடுவே."

"அப்பா விழலியே."

"அப்பா... அப்பா பறக்கலம்மா."

"பறந்தீங்க. கண்டக்டர் தாத்தாகிட்ட இப்பக்கூடச் சொன்னீங்க."

கீழே மாடிப்படியடியில் ஐந்து தலைகள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. கண்டக்டர் காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்துக்கொண்டார். ஓவியர் அவர்களைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். திறந்திருந்த கதவுக்கு வெளியே தெரிந்த கைப்பிடிச் சுவரைப் பார்த்தார். அது எவ்வளவு குட்டையான சுவர் என்று அன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டது.

"சும்மா சொன்னேன்," என்றார். "அப்பா தரையிலதான் படுத்திருந்தேன்."

"வெறும் தரையிலயா?"

"உன் வண்டி மேலே."

"அப்போ நான் அரை நாள் வெயில்ல நின்னது?" என்று கீழேயிருந்து கண்டக்டரின் குரல் வந்தது.

"இனிமே மாடியிலேருந்து குதிப்பீங்களா?" என்றாள் மகள்.

"மாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை?"

"எந்தக் கிழமையும் மாட்டேன். நீயும் குதிக்கக் கூடாது. சரியா?"

ஓவியர் மாடிக் கதவை இழுத்துச் சாத்தினார். மேல் தாழ்ப்பாளைப் போட்டார். ஒரு தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட பெருமிதம் மெல்ல ஊறி, மார்பில் பஞ்சு இருந்த இடத்தையெல்லாம் நிரப்பியது. தலை நிமிர்ந்து திரும்பினார்.

மகள் அவர் தோளிலிருந்து எட்டி, படியில் இருந்த அம்மாவைக் கேட்டாள்.

"அம்மா, நீ கேக்கச் சொன்னதெல்லாம் கேட்டுட்டேன். ஏதாவது விட்டுட்டேனா?"

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஒண்ணும் விடலடி கண்ணு. அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்கு."

ஓவியர் மகளைப் படியில் இறக்கிவிட்டு, கதவுப் பக்கம் திரும்பினார். பிறகு குனிந்து, கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டார்.